ஹேமக்கில் குளிர் முதுகு வழியாகத்தான் வரும்

கோலாலம்பூர் வெக்கையில் வளர்ந்த நமக்குக் குளிர் என்றாலே ஏர்கோன்தான். வார இறுதியில் நுவாங் மலைக்கு ஹேமக் (மரத்துக்கு மரம் கட்டிப் படுக்கும் தொங்கு படுக்கை) தூக்கிக்கொண்டு கிளம்பும் தம்பிகளே, அதன் உச்சி 1,493 மீட்டர், அந்த உயரத்தில் ராத்திரி குளிரும். உடம்புக்கு மேலே எவ்வளவு தடிப்பாகப் போர்த்தினாலும் விடியற்காலையில் முதுகு சில்லிட்டுவிடும். ஸ்லீப்பிங் பேக்கின் பஞ்சு உடல் பாரத்தில் நசுங்கி, சூட்டைப் பிடித்து வைக்கும் காற்று வெளியேறிவிடுகிறது. அடியில் வீசும் காற்று மிச்சச் சூட்டையும் வாங்கிக்கொண்டு போகிறது.

அதனால் ஹேமக்குக்கு வெளியே, அடிப்பக்கம் ஒட்டினாற்போல் அண்டர்குயில்ட் (பஞ்சு வைத்த அடிப்போர்வை) கட்டுங்கள். அது நசுங்காது. ரொம்பத் தொங்கவிட்டால் இடைவெளியில் காற்று புகுந்து பிரயோசனமே இல்லை. விலை கட்டுப்படியாகவில்லையா? உள்ளே ஃபோம் பாய் விரியுங்கள். நழுவும், பரவாயில்லை. (அம்மா கொடுத்துவிடும் கைலி இதற்கு உதவாது!) அப்புறம், ஏறும்போது வியர்த்த சட்டையோடு படுக்காதீர்கள், காய்ந்தது ஒன்றைத் தனியாகப் பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள்.