வீடு வாங்கப் போன இடத்தில் வந்த ஒரு கேள்வி

பிரான்சில் ஏழு வருடம் வாடகைக்கு இருந்துவிட்டு, 2023 ஏப்ரலில் பாரிசுக்கு வெளியே ஒரு பழைய அப்பார்ட்மெண்ட் வாங்கினோம். முன்பணத்தில் ஒரு பகுதி இந்தியாவில் இருந்த எங்கள் என்.ஆர்.இ. கணக்கிலிருந்து (வெளிநாட்டில் வாழும் இந்தியர்களுக்கான வங்கிக் கணக்கு) வந்தது. பணம் எங்கிருந்து வருகிறது என்று நொத்தேர் (வீட்டுப் பத்திரத்தை முடித்துத் தரும் சட்ட அதிகாரி) அலுவலகத்தில் கேட்டார்கள், ஸ்டேட்மெண்ட்டைக் கொடுத்தோம். அதைப் புரட்டிய பெண்மணி, "இந்தக் கணக்கை வரிப் படிவத்தில் எழுதியிருக்கிறீர்கள்தானே?" என்றார்.

எழுதவில்லை. மறைக்கும் எண்ணமெல்லாம் இல்லை. என்.ஆர்.இ. வட்டிக்கு இந்தியாவில் வரி கிடையாது, அப்படியானால் இங்கேயும் இருக்காது என்று நானும் கணவரும் நம்பிவிட்டோம். அது தவறு. வரிக் கணக்கில் பிரான்சில் வசிப்பவராகக் கருதப்படுபவர், வெளிநாட்டில் வரும் வருமானத்தையும் இங்கே காட்ட வேண்டும். அதைவிட முக்கியமாக, ஒரு பைசா வட்டி வராவிட்டாலும், வெளிநாட்டில் வங்கிக் கணக்கு இருப்பதையே 3916 என்ற படிவத்தில் தெரிவிக்க வேண்டும். அந்த ஆண்டில் மூடிய கணக்கையும் சேர்த்து. விட்டுப்போனால் கணக்கு ஒன்றுக்கு, ஆண்டு ஒன்றுக்கு 1,500 யூரோ அபராதம் போடலாம். எங்கள் இருவருக்கும் சேர்த்து மூன்று கணக்குகள். அன்றிரவு இருவரும் தூங்கவில்லை.

தெரிந்தவர்களிடம் கேட்டபோது, "பேசாமல் கணக்கை மூடிவிடுங்கள், யாருக்குத் தெரியப்போகிறது" என்று சிலர் சொன்னார்கள். தயவுசெய்து அந்தப் பேச்சைக் கேட்காதீர்கள். இந்தியாவும் பிரான்சும் வங்கிக் கணக்கு விவரங்களைத் தானாகவே பரிமாறிக்கொள்ளும் ஏற்பாட்டில் 2017 முதல் இருக்கின்றன. வரித்துறை கேட்பதற்கு முன் நாமே போய்ச் சொல்வதும், கேட்ட பிறகு சொல்வதும் ஒன்றல்ல.

உண்மையான வேலை கணக்கெடுப்பதில்தான் இருந்தது. இந்திய வங்கி தரும் வட்டிச் சான்றிதழ் ஏப்ரல் முதல் மார்ச் வரை. பிரான்சுக்கு ஜனவரி முதல் டிசம்பர் வரை வேண்டும். ஆகவே சான்றிதழை அப்படியே போட முடியாது. ஒவ்வொரு ஸ்டேட்மெண்ட்டையும் எடுத்து, வட்டி வரவான தேதியைப் பார்த்து, ஆண்டுவாரியாகப் பிரித்து, யூரோவுக்கு மாற்றி எழுதினேன். வைப்புநிதி முதிர்ந்து புதுப்பிக்கப்பட்ட இடங்களில்தான் அதிகம் குழம்பினேன். நான்கு சனிக்கிழமைகள் ஆயின.

அப்புறம், வரித்துறை இணையதளத்தில் நமக்கென்று இருக்கும் கணக்கின் வழியாக ஒரு கடிதம் அனுப்பினோம். என்ன விட்டுப்போனது, ஏன் விட்டுப்போனது என்று நேராகச் சொன்னோம். விட்டுப்போன ஆண்டுகளுக்கான 3916 படிவங்களையும் வட்டிப் பட்டியலையும் இணைத்தோம். நல்லெண்ணத்தில் செய்த தவறைத் திருத்திக்கொள்ளும் உரிமையை 2018-இல் வந்த சட்டம் அங்கீகரிக்கிறது, அதையும் குறிப்பிட்டோம்.

இதற்கிடையில் வீட்டுப் பத்திரம் முடிந்தது. தாக்ஸ் ஃபொன்சியேர் என்ற சொத்து வரி, ஜனவரி 1 அன்று யார் உரிமையாளரோ அவர் பெயரில்தான் அந்த ஆண்டு முழுவதற்கும் வரும். அதனால் 2023-க்கான பில் விற்றவருக்குத்தான் போனது. ஆனால் நாங்கள் வாங்கிய நாளிலிருந்து டிசம்பர் வரைக்குமான பங்கைக் கையெழுத்து நாளிலேயே நொத்தேர் எங்களிடம் வாங்கி அவருக்குக் கொடுத்துவிட்டார். எங்கள் பெயரில் முதல் பில் 2024 இலையுதிர்காலத்தில் வந்தது. குப்பை அகற்றும் கட்டணமும் அதிலேயே இருக்கிறது. பழைய வீட்டுக்கு நொத்தேர் செலவாக விலையில் 7 முதல் 8 சதவீதம் வரை போகும், அதைத் தனியாக எடுத்து வையுங்கள். தாக்ஸ் தாபித்தாசியோன் என்ற குடியிருப்பு வரி, குடியிருக்கும் வீட்டுக்கு 2023 முதல் யாருக்கும் இல்லை. இரண்டாவது வீட்டுக்கு மட்டும் உண்டு. ஆனாலும் வீட்டில் யார் குடியிருக்கிறார்கள் என்பதை உரிமையாளர் இணையத்தில் பதிய வேண்டும். பதியாவிட்டால் 150 யூரோ அபராதம் வரலாம்.

கடிதத்துக்குப் பதில் வர இரண்டரை மாதம் ஆனது. விடுபட்ட வட்டிக்கு வரி கட்டச் சொன்னார்கள். தாமத வட்டி மாதத்துக்கு 0.20 சதவீதம், நாமாகவே முன்வந்து திருத்தியதால் அதிலும் பாதிதான். கணக்குகளுக்கான அபராதம் கேட்கவில்லை. எல்லோருக்கும் இப்படியே முடியும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. அந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் கணவர் ஒன்றும் பேசாமல் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

இப்போது ஜனவரி பிறந்ததும் மூன்று கணக்குகளின் ஸ்டேட்மெண்ட்டையும் இறக்கி ஒரே கோப்பில் வைத்துவிடுகிறேன்.