பாதை ஏறாத படிவங்கள்

களக்கணிப்பொன்றின் தரவு கைக்கு வந்ததும் நான் முதலில் பார்ப்பது வயது நிரலைத்தான். எங்கள் மட்டக்களப்புக் கிராமங்களில் முதியவர்களிடம், குறிப்பாக 1978 சூறாவளியிலும் 2004 சுனாமியிலும் பத்திரங்களைத் தொலைத்த குடும்பங்களில், வயதைக் கேட்டால் ஐம்பது, ஐம்பத்தைந்து, அறுபது என்றே பெரும்பாலும் விடை வரும். ஆகவே நேர்மையாகச் சேகரித்த தரவில் பூச்சியத்திலும் ஐந்திலும் முடியும் வயதுகள் குவிந்து கிடக்கும்; மக்கள்தொகையியலில் இந்தக் குவிவை அளப்பதற்கென்றே விப்பிள் சுட்டெண் இருக்கிறது. அடையாள அட்டையைப் பார்த்து எழுதியிருந்தால் கதை வேறு. அப்படியும் இல்லாமல் 51, 53, 58 என எல்லா எண்களும் சமமாகப் பரவியிருந்தால், படிவத்தை நிரப்பியவர் அந்த வீட்டுப் படலையைத் திறக்கவே இல்லையோ என்று ஐயப்படுவேன்.

உலகறிந்த மோசடியொன்றும் ஏறத்தாழ இவ்வாறுதான் வெளிப்பட்டது. படிவத்தின் தொடக்கத்திலேயே கையொப்பம் வாங்கினால் மக்கள் கூடுதல் நேர்மையுடன் பதிலளிப்பார்கள் என்று கூறிய கட்டுரையொன்று 2012இல் அமெரிக்க தேசிய விஞ்ஞானக் கழகத்தின் சஞ்சிகையில் வந்தது. அதன் ஒரு பகுதி, காப்புறுதி வாடிக்கையாளர்கள் தெரிவித்த வாகன ஓட்டத் தூரத்தை வைத்து எழுதப்பட்டது. 2021இல் அத்தரவை ஆராய்ந்தவர்கள், இரண்டு அளவீடுகளுக்கிடையில் ஓடிய தூரம் பூச்சியத்திலிருந்து 50,000 மைல் வரை ஏறத்தாழச் சமமாகப் பரவி, அதற்கு மேல் ஒருவர்கூட இல்லாமல் நின்றுபோவதைக் கண்டார்கள். தூரமானியின் முதல் அளவீட்டில் மக்கள் வழக்கம்போல ஆயிரம், ஐந்நூறு எனத் திரட்டிச் சொல்லியிருக்க, இரண்டாவதில் அந்தப் பழக்கம் அடியோடு மறைந்திருந்தது. கட்டுரை மீளப்பெறப்பட்டது, தரவைத் தாம் புனையவில்லை என்று அதை எழுதியவர்கள் கூறினர். நேர்மையைப் பற்றிய ஆய்வுக்கு இந்தக் கதி!

ஆனால் முழுப் புனைவைவிட எனக்குக் கூடிய கவலை தருவது, யாரும் மோசடி என்று பெயரிடாத சாய்வு. சுனாமிக்குப் பிந்திய ஆண்டுகளில் இங்கே கணிப்புகளுக்குக் குறைவிருக்கவில்லை. மாதிரிப் பட்டியலில் வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரை வீடுகளும் இருக்கும். மண்முனையில் 2014இல் பாலம் திறக்கப்படும் வரை, அங்கே போகிறவர் பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகுக்குக் காத்திருந்து வாவியைக் கடந்து, பிறகு வயலோரமாக வெகுதூரம் போக வேண்டும். கூலியோ படிவத்துக்கு இவ்வளவு என்ற கணக்கில். இந்த ஏற்பாட்டில் எட்டாத வீட்டுக்குப் பதிலாகச் சந்தியருகே உள்ள வீட்டை எழுதிக்கொள்ளும் களப்பணியாளரை மட்டும் குற்றவாளியாக்க எனக்கு மனம் வருவதில்லை. அந்தப் படிவத்திலுள்ள ஒவ்வொரு விடையும் உண்மையாக இருக்கலாம். ஆனால் வீதியோரத்து வீட்டில் மின்சாரமும் அருகே கடையும் இருப்பதால், மாவட்டத்தின் வறுமை அறிக்கையில் குறைந்துவிடுகிறது. மறுபுறம், வருமானத்தை உள்ளபடி சொன்னால் அரச நலன்புரி உதவி, அன்று சமுர்த்தியும் இன்று அஸ்வெசுமவும், வெட்டுப்படும் என்று அஞ்சுகிறவர் குறைத்தே சொல்வார். இரண்டு பிழைகளும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும் என்று கூட்டமொன்றில் ஒருவர் வாதிட்டதைக் கேட்டிருக்கிறேன். எவ்வளவு ஈடுசெய்யும் என்று அவர் சொல்லவில்லை.

களப்பணியாளருக்கு மேலேயுள்ள ஆய்வாளர்களின் பொறுப்புக்கு அமெரிக்க ஆய்வு மாணவர் மைக்கேல் லகூரின் விவகாரம் சரியான உதாரணம். ஒருபாலினத் திருமணம் பற்றி வீடு வீடாகச் சென்று உரையாடினால் மக்களின் மனப்பாங்கு நெடுநாள் மாறி நிற்கும் என்ற அவரது கட்டுரையை சயன்ஸ் சஞ்சிகை 2014 டிசம்பரில் வெளியிட்டது. உரையாடல்கள் நடந்தன, மாற்றத்தை அளந்ததாகச் சொன்ன கணிப்புக்குத்தான் ஆதாரம் கிடைக்கவில்லை. அதே முறையில் ஆய்வு செய்ய முயன்ற இரு இளைஞர்கள் கணிப்பு நிறுவனத்தை விசாரித்தபோது, அப்படியொரு வேலையே தமக்குத் தெரியாது என்று பதில் வந்தது. கூட்டாசிரியரான டொனால்ட் கிறீன், மதிப்பு மிக்க பேராசிரியர், மூலத்தரவைத் தாம் நேரில் பார்த்திராதவர், கட்டுரையை மீளப்பெறுமாறு தாமே கேட்டார். 2015 மே மாதத்தில் அது மீளப்பெறப்பட்டது.

மூலப் படிவங்களில் ஒரு கட்டையாவது கையில் எடுத்து, அந்த வீடுகளுக்கு மீண்டும் ஆள் அனுப்பிப் பார்க்காதவர் கட்டுரையில் பெயர் போடக்கூடாது என்பது என் நிலைப்பாடு. கூலியைப் படிவக் கணக்கில் கொடுக்காமல் நாட்கணக்கில் கொடுப்பதும், ‘போக முடியவில்லை’ என்று எழுதுகிறவரின் சம்பளத்தில் கைவைக்காமலிருப்பதும் அதோடு சேர வேண்டும். என்னிடம் ஆய்வேடு எழுதும் மாணவர்களிடம் எட்டமுடியாத வீடுகளுக்கென ஓர் அட்டவணையும், ஒவ்வொன்றுக்கும் எதிரே காரணமும் கேட்கிறேன். அந்த அட்டவணை ஆய்வின் பலவீனத்தைக் காட்டிக்கொடுக்கிறது, எடுத்துவிடுங்கள் என்று பரீட்சகர் ஒருவர் சொன்னார். எடுக்கவில்லை.