அண்ணனை மறுவாழ்வு சிகிச்சைக்குச் சேர்த்த கதை

அண்ணனுக்கு 43 வயது. காலையில் ஒரு கட்டிங் உள்ளே போனால்தான் கை நடுக்கம் நின்று பல் துலக்க முடியும் என்ற நிலைக்குப் போன வருடம் வந்துவிட்டார்.

அதற்கு முன்பே அண்ணி ஒன்று செய்து பார்த்திருந்தார். யாரோ கொடுத்த மாத்திரையைப் பொடித்து அண்ணனின் காபியில் கலந்துவிட்டார். அன்று மாலை குடித்துவிட்டு வந்த அண்ணன் முகம் சிவந்து, மூச்சு வாங்கி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். அது டைசல்ஃபிராம், மதுவோடு சேர்ந்தால் உடம்பைப் படாதபாடு படுத்தும் மருந்து என்று பிறகுதான் தெரிந்தது. குடிப்பவருக்குத் தெரியாமல் அதைக் கொடுத்தால் உயிரே போகலாம். அண்ணியை நான் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு வேறு வழி தெரியவில்லை.

சுவரொட்டியில் பார்த்த ஒரு மறுவாழ்வு மையத்துக்கு முதலில் பேசினேன். "அட்ரஸ் மட்டும் கொடுங்க சார், ராத்திரி வண்டி அனுப்புறோம். நாலு பசங்க வந்து தூக்கிடுவாங்க. மூணு மாசத்துக்கு நீங்க பார்க்கக் கூடாது" என்றார்கள். மனநல ஆணையப் பதிவு இருக்கிறதா என்று கேட்டதும் இணைப்பு துண்டானது. 2017 மனநலச் சட்டப்படி இப்படிப்பட்ட மையங்கள் பதிவு செய்தே ஆக வேண்டும். சங்கிலி போட்டுக் கட்டக் கூடாது. முடிவெடுக்க முடியாத அளவுக்கு ஒருவர் நோயுற்றிருந்தால்கூட, ஒரு மனநல மருத்துவர் உட்பட இரண்டு பேர் தனித்தனியாகப் பரிசோதித்த பிறகுதான் சேர்க்கலாம். அதுவும் முதலில் 30 நாள்தான். பணம் கட்டும் முன் அந்தப் பதிவுச் சான்றைக் கேளுங்கள், தயவுசெய்து.

அப்புறம் 14416 என்ற டெலி மனஸ் எண்ணுக்கு, அதாவது அரசின் மனநல உதவி எண்ணுக்கு அழைத்தேன். வீட்டில் வைத்துத் திடீரென்று நிறுத்தாதீர்கள், வலிப்பு வரலாம் என்று எச்சரித்தார்கள். மனநல மருத்துவர் எப்போதும் இருக்கும் ஒரு தனியார் மருத்துவமனையைத் தேடிப் போனோம். மருத்துவர் எங்களை வெளியே உட்காரவைத்துவிட்டு அண்ணனிடம் முக்கால் மணி நேரம் பேசினார். வெளியே வந்த அண்ணன், "தம்பி, சேர்ந்துடுறேன்டா" என்று சொல்லித் தானே கையெழுத்துப் போட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மூன்றாம் நாள் இரவுதான் கொடுமை. சுவரெல்லாம் எறும்பு ஊர்கிறது என்று கத்தி, டிரிப்ஸ் ஊசியைப் பிடுங்கப் பார்த்தார். குடி நின்றதும் மூளை படும் பாடு இது என்று நர்ஸ் விளக்கினார். வைட்டமின் பி1 ஊசி, தூக்க மருந்து, பக்கத்திலேயே ஆள். ஐந்தாம் நாள் இட்லி கேட்டார்.

மனச்சோர்வு இருக்கிறதா என்று நாங்கள் கேட்டபோது, குடி நின்று இரண்டு மூன்று வாரம் போகட்டும், அப்போதும் மனம் தெளியவில்லை என்றால்தான் அது தனி நோய் என்று மருத்துவர் பொறுமையாகச் சொன்னார். அண்ணனுக்குத் தெளியவில்லை. அப்பா இறந்ததிலிருந்தே அவர் சரியாகத் தூங்கியதில்லையாம். எங்களில் ஒருவர்கூட அதைக் கேட்டதில்லை. இரண்டுக்கும் சேர்த்தே வைத்தியம் நடந்தது.

28 நாளுக்கு மொத்தம் 74,000 ரூபாய் ஆனது. மனநோய்க்குக் காப்பீடு தர வேண்டும் என்று அதே மனநலச் சட்டம் சொல்கிறது. ஆனால் மதுப் பழக்கத்துக்கான சிகிச்சை எங்கள் பாலிசியில் விலக்கு. ஒரு ரூபாய் வரவில்லை. அண்ணியின் வளையலை அடகு வைத்தோம். பணம் புரட்ட முடியாதவர்கள் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம்.

வாரம் ஒரு நாள் குடும்பத்தினருக்கும் வகுப்பு இருந்தது. அவருடைய கடனை நான் அடைத்ததும், ஆபீசுக்குப் போன் செய்து காய்ச்சல் என்று பொய் சொன்னதும் குடிக்கு எப்படித் துணை போயின என்று அங்கேதான் புரிந்தது.

ஆடி மாதம் ஒரு நாள் மறுபடி குடித்துவிட்டார். நான் வாய் திறக்கவில்லை. மறுநாள் காலை அவரே மருத்துவருக்குப் போன் செய்து, மாத்திரைச் சீட்டை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார். அண்ணி கூடவே போனார்.