வெட்டு மெசினில் வந்த கோப்ரல்

2025 பெப்ரவரி 17ஆம் திகதி, முல்லைத்தீவு மாவட்டத்து உடையார்கட்டுக் குளத்தின் கீழுள்ள எங்கள் இரண்டு ஏக்கர் காலபோக நெல்லை வெட்டுவதற்குக் குருநாகல் பக்கத்திலிருந்து ஒரு வெட்டு மெசின் வந்தது. வன்னியில் இது புதுமையில்லை. தை பிற்பகுதியில் தென்பகுதி மெசின்கள் லொறிகளில் ஏறி ஏ9 வீதியால் வந்து, வயல் வயலாக இறங்கி, பங்குனிக்குள் திரும்பிவிடும். அன்று வந்த மெசினின் சாரதி உடனே ஏறவில்லை. வரம்பில் நின்று வயலின் வடக்கு மூலையைச் சிறிது நேரம் பார்த்தார். பிறகு, "இந்த இடம் எனக்குத் தெரியும்" என்று சிங்களத்தில் சொன்னார்.

எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க சிங்கள ஆண் ஒருவருக்கு உடையார்கட்டைத் தெரியுமென்றால் அதற்கு இங்கே ஒரே காரணந்தான் உண்டு. 2009 ஜனவரியில் அரசாங்கம் முதன்முதலாக அறிவித்த பாதுகாப்பு வலயத்துக்குள் எங்கள் ஊரும் இருந்தது. அந்த வலயத்துக்குள் எத்தனை எறிகணைகள் விழுந்தன என்பதை நான் இங்கே எழுதப்போவதில்லை. அதைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன்.

நான் தபால் திணைக்களத்தில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்றவன். முதல் ஆறு வருட வேலை அநுராதபுரத்தில் என்பதால் சிங்களம் கைவசம் உண்டு. அவர் என்னை "ஐயா" என்று அழைத்தார். நான் அவரை "மல்லி" என்று அழைத்தேன். சிங்களத்தில் மல்லி என்றால் தம்பி, ஐயா என்றால் அண்ணன்; தமிழில் ஐயா பெரியவர். அவர் உறவு என்று நினைத்துச் சொன்னதை நான் மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்; இருவருக்கும் நட்டமில்லை. ஒரு மணித்தியாலம் ஓடிய பிறகு மெசினின் பெல்ட் அறுந்தது. புதிய பெல்ட் வாங்கப் புதுக்குடியிருப்புக்குப் போன பையன் திரும்பிவர மூன்று மணித்தியாலம் எடுத்தான். அந்த மூன்று மணித்தியாலமும் வாய்க்கால் கரை மருதமரத்தின் கீழ், பனங்கட்டியும் பிளேன்ரீயுமாக நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம். துப்பாக்கி வைத்திருந்த எவரோடும் அரசியல் பேசிப் பழகாத தலைமுறை எங்களுடையது. புலிகள் இயக்கத்தின் காலத்திலும் அப்படித்தான், இராணுவத்தின் காலத்திலும் அப்படித்தான். துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்ட ஒருவரோடு அன்றுதான் முதன்முறையாகப் பேசினேன்.

அவர் 1999இல் பத்தொன்பது வயதில் இராணுவத்தில் சேர்ந்து, 22 வருடம் முடித்து, 2021இல் கோப்ரலாக ஓய்வுபெற்றவர். இந்த 22 என்ற எண்ணைக் கவனிக்க வேண்டும். சாதாரண சிப்பாய்க்கு முழு ஓய்வூதியம் அந்த எண்ணைத் தொட்ட பிறகே கிடைக்கிறது. அதுவரை வாயைத் திறப்பது வயிற்றோடு விளையாடுவதாகும். ஆகையால் சேவையிலிருக்கும் சிப்பாயிடம் நாட்டின் பாதுகாப்பைப் பற்றிக் கேட்டால் அவருடைய மேலதிகாரியின் வாக்கியம் மட்டுமே வெளியே வரும். இவரிடமிருந்து வந்தது 22 வருடமாகச் சேர்ந்திருந்த பேச்சு.

பேச வாயில்லாத அந்தக் காலத்திலும் அவர்களுக்கு வாக்கு உண்டு. தேர்தல் காலங்களில் படை முகாம்களுக்குரிய தபால் வாக்குப் பொதிகள் பதிவுத் தபாலில் வந்து இறங்குவதை நான் பார்த்திருக்கிறேன். அத்தாட்சிப்படுத்தும் அலுவலரின் முன்னால் வாக்குச்சீட்டில் அடையாளமிட்டு, உறையை ஒட்டித் திருப்பி அனுப்புவார்கள். அந்த உறைகள் குருநாகலுக்கும் அநுராதபுரத்துக்கும் மாத்தறைக்கும் போகும். அவர்கள் பதிவு பெற்றிருக்கும் மாவட்டம் அதுவே. இவ்வாறு ஆள் முல்லைத்தீவில் நிற்க, அவருடைய வாக்கு சொந்த ஊரில் எண்ணப்படுகிறது. எங்கள் பகுதியில் முகாம் எத்தனை இருந்தாலும் வன்னித் தேர்தல் மாவட்டத்தின் முடிவுத்தாளில் அவற்றின் நிழல்கூட விழாது. முகாமை எடுப்போம் என்று இங்கே வாக்குக் கேட்பவர் முகாமில் இருப்பவரிடம் கேட்பதில்லை. ரணவிருவின் (போர்வீரரின்) மானத்தைக் காப்போம் என்று அங்கே வாக்குக் கேட்பவர் எங்களிடம் கேட்பதில்லை. இரு பக்கத்து அரசியல்வாதிகளுக்கும் இதைவிட வசதியான ஏற்பாடு வேறு எதுவும் இருக்க முடியாது.

நான் 2010ஐப் பற்றிக் கேட்டேன். அந்த ஜனவரி 26ஆம் திகதி ஜனாதிபதித் தேர்தலில், எங்களை முள்ளிவாய்க்கால்வரை துரத்திய படையின் தளபதிக்கு, முட்கம்பி முகாம்களிலிருந்து அப்போதுதான் வெளியே வந்திருந்த சனமும் உட்பட, வன்னித் தேர்தல் மாவட்டம் மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளை அள்ளிக் கொடுத்தது. அப்படி வாக்களிக்கும்படி தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு கேட்டது. மகிந்த ராஜபக்ஷவை இறக்க வேறு வழியும் தென்படவில்லை. நானும் சரத் பொன்சேகாவுக்கே புள்ளடி போட்டேன். கை நடுங்கியது என்று சொன்னால் அது பின்னாளில் சேர்த்த அலங்காரம், உண்மையில் நடுங்கவில்லை. "உங்கள் தளபதிக்கு நீங்களும் போட்டிருப்பீர்களே" என்றேன். அவர் சிரித்தார். "இல்லை ஐயா, நான் மகிந்தவுக்குப் போட்டேன். தளபதி எங்களை முன்னுக்குப் போ என்றவர். மகிந்ததான் வீட்டுக் கடன் தருவேன் என்றவர்."

தளபதிக்கு நாங்கள் வாக்களித்தோம், அவருடைய சிப்பாய் வாக்களிக்கவில்லை. இராணுவம் முழுவதும் ஒரே வாய் என்று இவ்வளவு காலமும் நான் நினைத்திருந்தேன். அந்த நினைப்பில் அந்த இடத்தில் ஒரு கீறல் விழுந்தது. பொன்சேகாவின் கதையை அறியாதவர் இல்லை: தேர்தல் முடிந்து இரண்டு வாரத்துக்குள் கைது, இராணுவ நீதிமன்றம், சிறை, 2012இல் விடுதலை, 2015இல் பீல்ட் மார்ஷல் பட்டம். அதே மனிதர் 2024இல் ஜனாதிபதித் தேர்தலில் நின்றபோது நூற்றுக்கு ஒரு வாக்குக்கூடக் கிடைக்கவில்லை. யுத்தத்தை வென்ற தளபதி என்ற பெயர் அவருடைய சொந்தப் படையினரின் வீடுகளில்கூட அவ்வளவுக்குத்தான் செல்லுபடியானது.

2019இல் கோப்ரல் கோட்டாபய ராஜபக்ஷவுக்கு வாக்களித்தார். கோட்டாபய லெப்டினன்ட் கேர்ணலாக இருந்தவர், ஒழுங்கு கொண்டுவருவார் என்பது அவருடைய நம்பிக்கை. அந்தத் தேர்தலில் வன்னித் தேர்தல் மாவட்டம் நூற்றுக்கு 82 வாக்குகளைச் சஜித் பிரேமதாசவுக்குக் கொடுத்தது எங்களுடைய நம்பிக்கையின்மை. அவர் ஓய்வுபெற்றுத் தகப்பனின் வயலில் இறங்கிய அதே 2021இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்தது. "என் ஜனாதிபதி என் நெல்லைக் கொன்றார்" என்று அவர் சொன்னபோது அதில் கோபத்தைவிட வெட்கமே அதிகமிருந்தது. பதர்க் கதிரைக் கையில் உருவிப் பார்த்த விவசாயி எவருக்கும் அந்த வெட்கம் விளங்கும். எங்கள் பக்கத்திலும் அந்தப் போகத்தில் நெல் மஞ்சளாகத்தான் நின்றது. 2022 ஜூலையில் கோட்டாபய நாட்டைவிட்டு ஓடியபோது அவர் கவலைப்படவுமில்லை, கொண்டாடவுமில்லை.

2024இல் அவருடைய வாக்கு தேசிய மக்கள் சக்தியின் சின்னமான திசைகாட்டிக்கு. அந்தக் கட்சி ஓய்வுபெற்ற முப்படையினரை ஊர் ஊராகக் கூட்டிக் கூட்டம் வைத்தபோது அவரும் இரண்டு கூட்டங்களுக்குப் போயிருக்கிறார். இப்போது பிரதிப் பாதுகாப்பு அமைச்சர் ஓய்வுபெற்ற மேஜர் ஜெனரல், பாதுகாப்புச் செயலாளர் ஓய்வுபெற்ற எயார் வைஸ் மார்ஷல். "கட்சி மாறினாலும் அந்தக் கதிரையில் கோப்ரல் இருக்கமாட்டார்" என்றார். இந்த இடத்தில்தான் அவருடைய அரசியலின் வேர் எனக்குத் தெரிந்தது. பெரிய உத்தியோகத்தர்களைப் பற்றிப் பேசும்போது அவருடைய குரல் மாறியது. யுத்தத்தின்போது வவுனியாவிலிருந்து வன்னிப் படைத் தலைமையகத்தை நடத்திய ஜகத் ஜயசூரிய பின்னர் இராணுவத் தளபதியாகி, அதன் பிறகு பிரேசிலுக்குத் தூதுவராகப் போனார். சிப்பாய் ஓய்வுபெற்றால் வங்கி வாசலில் காவல் நிற்கிறார், அல்லது மெசின் ஓடுகிறார், அல்லது முகவரை நம்பி ரஷ்யாவுக்குப் போய் வேறொருவரின் யுத்தத்தில் சாகிறார். அவருடைய பற்றாலியனில் இருந்த ஒருவர் அப்படிப் போனவர். அவர் திரும்பி வந்தாரா என்ற கேள்விக்குக் கோப்ரல் தலையை ஆட்டினார். அது ஆமா இல்லையா என்று விளங்கவில்லை. திருப்பிக் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

சிப்பாயின் கருத்து ஏன் சிங்களக் கிராமத்தின் கருத்தாக மட்டும் இருக்கிறது என்பதற்குப் பழைய காரணமும் உண்டு. 1955இல் இலங்கை இராணுவத்தின் முதலாவது உள்நாட்டுத் தளபதியானவர் அன்ரன் முத்துக்குமாரு என்ற தமிழர். 1960 முதல் பத்து வருடம் கடற்படைக்குத் தளபதியாக இருந்தவர் ராஜன் கதிர்காமர். 1962இல் பெரும்பாலும் கிறிஸ்தவ உத்தியோகத்தர்கள் சேர்ந்து ஆட்சியைக் கவிழ்க்க எடுத்த முயற்சி தோற்ற பிறகு, சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசாங்கம் படையைச் சிங்கள பௌத்தர்களிடம் ஒப்படைக்கத் தொடங்கியது. ஆட்சிக்கு விசுவாசமான படை வேண்டுமென்று செய்தது, ஓர் இனத்தின் படையாக முடிந்தது. கோப்ரலுக்கு முத்துக்குமாருவின் பெயர் தெரியாது. நான் சொன்னதும், "தமிழரா? இராணுவத் தளபதியா?" என்று இரண்டு முறை கேட்டார். எங்கள் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று யோசித்தேன்.

அன்றுதான் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க வரவு செலவுத்திட்டத்தைப் பாராளுமன்றத்தில் வாசித்தார். பக்கத்து வயற்காரரின் போனில் அது ஓடிக்கொண்டிருந்தது. பாதுகாப்பு அமைச்சுக்கு அந்த வருடம் 442 பில்லியன் ரூபா. யுத்தம் முடிந்து பதினாறு வருடமாகிறதே, யாரோடு சண்டை பிடிக்க இவ்வளவு என்றேன். சண்டைக்கில்லை, சம்பளத்துக்கும் சாப்பாட்டுக்கும் என்றார். 2 இலட்சம் பேர் கொண்ட இராணுவத்தை 2030க்குள் 1 இலட்சமாகக் குறைப்பதாக 2023 ஜனவரியில் அரசாங்கம் அறிவித்திருந்ததை அவர் அறிவார். நாட்டின் பாதுகாப்புக்கு ஆள் எண்ணிக்கை தேவையில்லை என்பதை அவரே ஒப்புக்கொண்டார். அதற்கு அவர் காட்டிய உதாரணம் 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. இரண்டு இலட்சம் பேர் சீருடையில் இருந்தோம், தாக்குதல் வரப்போகிறது என்ற தகவல் முன்கூட்டியே வந்திருந்தது, மேலே இருந்தவர்கள் ஒருவரோடொருவர் முகம் கொடுத்துப் பேசாத காரணத்தால் தேவாலயங்களில் சனம் செத்தது, குண்டைக் கொண்டுவந்தவன் தோளில் ஒரு பையைத்தானே கொண்டுவந்தான், அதைத் தடுக்க முல்லைத்தீவு முகாம் எப்படி உதவும் என்று அவரே கேட்டார். அந்த அலட்சியத்துக்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா நட்டஈடு கட்ட வேண்டுமென்று உயர் நீதிமன்றம் 2023இல் தீர்ப்பளித்ததை நான் நினைவூட்டினேன். "சிப்பாய் பிழை விட்டால் சம்பளத்தில் வெட்டுவார்கள், அதுவும் அப்படித்தான்" என்றார்.

அவர் நீட்டிய நூலை நான் பிடித்து இழுத்தேன். அப்படியென்றால் எங்கள் காணிகளில் முகாம் எதற்கு? கேப்பாப்புலவுச் சனம் 2017இலிருந்து கேட்டுக்கொண்டிருப்பது தங்கள் சொந்தக் காணியைத்தானே? அவர் உடனே பதில் சொல்லவில்லை. குவளையில் மிச்சமிருந்த சாயத்தை மண்ணில் ஊற்றினார். "காணி உங்களுடையதுதான். அதை எடுத்தது சரியென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஐயா, நாளைக்கு அந்த முகாமை மூடினால் அதிலுள்ள பெடியன்கள் என் ஊருக்குத்தான் வருவார்கள். என் ஊரில் வேலையில்லை."

இதைவிட நேர்மையான பாதுகாப்புக் கொள்கை விளக்கத்தை நான் எந்த அமைச்சரிடமிருந்தும் கேட்டதில்லை. மேடையில் அது நாட்டின் இறைமை. எங்களுக்கு அது முட்கம்பி வேலி. அவருக்கு அது அடுத்த வீட்டுப் பையனின் சம்பளம். குருநாகல் கிராமத்தின் வேலையின்மைக்குக் கேப்பாப்புலவுக்காரரின் தென்னங்காணியைக் கொடுத்து ஈடுகட்டுகிறது அரசு. அந்தக் காணியை இழந்தவருக்கும் அதில் கடமைக்கு நிற்பவருக்கும் ஒருவரையொருவர் தெரியாது. அவருடைய நேர்மையை மதிக்கிறேன். அதற்காகக் காணிக் கோரிக்கையில் ஒரு அங்குலமும் விட்டுக்கொடுக்க என்னால் முடியாது. இதை அவரிடமும் சொன்னேன். அவர் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை.

2009ஐப் பற்றி ஒரேயொரு கேள்வி கேட்டேன். பாதுகாப்பு வலயமென்று அறிவித்த இடத்துக்குள் எறிகணை விழுவதை முன்னணியில் நின்ற நீங்கள் அறிந்திருந்தீர்களா என்பதே அது. அவ்வளவு நேரமும் ஜனாதிபதிகளைப் பெயர் சொல்லித் திட்டிய மனிதர், பெல்ட் வாங்கப் போன பையன் இன்னும் வரவில்லையே என்று வீதியைப் பார்த்தார். சம்பளம், கடன், உத்தியோகத்தர்கள், வாக்கு என்று எல்லாவற்றையும் 22 வருடம் முடிந்ததும் பேசலாம். இதற்கு எத்தனை வருடம் வேண்டுமென்று எந்தச் சுற்றறிக்கையிலும் எழுதப்படவில்லை. நானும் இரண்டாம் முறை கேட்கவில்லை.

பெல்ட் வந்தது. மாட்டி, மெசினை ஓட்டி, பொழுதுபடுமுன் மிச்சத்தை வெட்டி முடித்தார். வடக்கு மூலையில் மட்டும், ஒரு பரப்பு நிலமளவுக்கு, மெசினை இறக்கவில்லை. அந்த இடத்தில் கண்ணிவெடி அகற்றிப் பல வருடமாகிறது, சான்றிதழ் பிரதேச செயலகத்தில் இருக்கிறது, நாங்கள் ஒவ்வொரு போகமும் அதில் உழுது விதைக்கிறோம், மாடும் மேய்கிறது என்று எடுத்துச் சொன்னேன். "தெரியும் ஐயா" என்றார். காசை எண்ணி வாங்கி, வெட்டாத அந்த மூலைக்கென்று ஆயிரம் ரூபாவைத் திருப்பித் தந்துவிட்டு, மெசினை லொறியில் ஏற்றச் சொன்னார். மறுநாள் காலை நானும் மனைவியும் மருமகனும் அந்த மூலையைக் கையால் அரிவு வெட்டினோம்.