தெள்ளத் தெளிவு

போன வாரம் மெய்ப்பு பார்க்கும்போது ஒரு வரி: 'விண்ணப்ப விதிமுறைகள் வெட்ட வெளிச்சமாக உள்ளன.' அடித்துவிட்டு 'தெள்ளத் தெளிவாக' என்று எழுதினேன். புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண் எட்டிப் பார்த்து, "ரெண்டும் ஒண்ணுதானே அக்கா?" என்றாள்.

எப்படி ஒன்றாகும்? வெட்ட வெளிச்சமாவதற்கு முன்னால் யாராவது எதையாவது மறைத்திருக்க வேண்டும். குட்டு, மோசடி, கள்ளக் கணக்கு எல்லாம் வெட்ட வெளிச்சமாகும். விதிமுறை பாவம், எதை ஒளித்தது? பட்டவர்த்தனம் என்றால் போட்டு உடைப்பது. கொஞ்சம் கூச்சமின்மையும் அதில் ஒட்டியிருக்கும்.

தெளிவு என்றால் எனக்குத் தண்ணீர்தான். பொள்ளாச்சிப் பக்கம் அமுச்சி (அம்மாவின் அம்மா) வீட்டில், மழைக்காலத்தில் கிணற்று நீர் செம்மண் கலங்கலாக வரும். மண்பானையின் உட்புறத்தில் தேத்தாங்கொட்டையை நாலு சுற்று உரசிவிட்டுத் தண்ணீரை ஊற்றுவார் அமுச்சி. உடனே மொள்ளப் போகும் என் கையைத் தட்டிவிடுவார். "ஆட்டாத கண்ணு, தெளியட்டும்." காலையில் வண்டலெல்லாம் அடியில் படிந்திருக்கும். மேலாக மொண்ட நீரில் செம்பின் அடி நசுங்கல் வரை தெரியும். ஏட்டில் அது தேற்றாங்கொட்டை. தேற்றுவது என்றால் தெளியச் செய்வது. அழுகிறவரைத் தேற்றுவதும் அதே சொல்தான்.

பதநீருக்கும் எங்கள் பக்கம் தெளுவு என்றுதான் பேர். முட்டிக் கலயத்தில் சுண்ணாம்பு தடவி மரத்தில் கட்டினால் தெளுவு, தடவாமல் விட்டால் கள். அதைக் குடித்தவருக்குத் தெளியச் சாயங்காலம் ஆகும்! மயக்கம், வானம், ரசம் எல்லாமே தெளியும். 510ஆம் குறளில் வரும் 'தேரான் தெளிவு' மட்டும் வேறு: ஆராயாமல் ஒருவரை நம்பிவிடுவது.

முற்ற முழுக்க என்பதுபோல அழுத்தம் கூட்டத்தான் தெள்ளத் தெளிவு. ஆனால் "தெள்ளத் தெளிவா சொல்லிட்டேன்" என்று கூட்டத்தில் யாராவது குரலை உயர்த்தினால், கேட்டவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை என்றுதான் பெரும்பாலும் அர்த்தம்.

இவ்வளவையும் அந்தப் பெண்ணிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிக்கா, இந்த நாலாவது விதி என்ன சொல்லுது?" என்றாள். இருவரும் மூன்று முறை படித்தோம். அப்புறம் பேனாவை எடுத்து 'தெள்ளத்' என்பதை மட்டும் அடித்தேன்.