சௌசௌ பூதத்துக்கு ஊர் கிடைத்த கதை

முற்றின சௌசௌ ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். காம்புக்கு எதிர்ப்பக்கம் ஒரு மடிப்பு இருக்கும். பல் போன கிழவி உதட்டை உள்ளே இழுத்துக்கொண்டு கோபமாக உட்கார்ந்திருப்பது போல இருக்கும். காயைக் கூடையிலேயே விட்டுவைத்தால் அந்த மடிப்புக்குள்ளிருந்து முளை எட்டிப் பார்க்கும், நாக்கை நீட்டுகிற மாதிரி. 2022 கடைசியில் ஒரு மழை நாள், கூட்டுக்கு நறுக்க எடுத்த காய் இப்படி நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது. நறுக்க மனசு வரவில்லை. மேசையில் நிறுத்திவைத்து வரைந்தேன். கை கால் வைத்து, முதுகெல்லாம் முள் வைத்து, தலைக்கு ஒரு தொப்பியும் போட்டேன். நான் விற்ற முதல் பூதம் அது. இன்றுவரை அதிகம் விற்பதும் அதுதான்.

நான் புதுச்சேரிக்காரி. கல்யாணமாகி, இந்தியப் பெருங்கடலில் பிரான்சின் பகுதியாக இருக்கும் ரீயூனியன் தீவுக்கு வந்து, கிழக்குக் கரையில் சேன்ட் ஆந்த்ரேயில் இருக்கிறேன். சின்ன வயதிலிருந்தே கோபுரத்தில் சாமியை விட்டுவிட்டு, சாமியைத் தாங்கிக்கொண்டு பல்லைக் கடிக்கும் பூதகணங்களைத்தான் பார்ப்பேன். யாளி, வாசல் நிலையில் தொங்கும் திருஷ்டி பொம்மை எல்லாம் அப்படித்தான் மனசில் தங்கின. இங்கே வந்த பிறகு குழந்தைகள் அறையில் மாட்டுகிற மாதிரி வேடிக்கையான பூதப் படங்கள் போடலாம் என்று இரண்டு வருடம் வரைந்தேன். பஞ்சு உடம்பு, ஒற்றைக் கண், ஒரே ஒரு பல். நன்றாகவே வரைந்தேன், ஆனால் பார்த்தவர்கள் "அழகா இருக்கு" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார்கள். அந்தப் பூதங்களுக்கு ஊரும் கிடையாது, பழக்கமும் கிடையாது. எங்கே தூங்கும், எதைத் திருடித் தின்னும் என்று வரைந்த எனக்கே தெரியாது.

சௌசௌ பூதத்துக்கு எல்லாம் தெரிந்திருந்தது. இந்த ஊரில் அந்தக் காய்க்கு 'ஷூஷூ' என்று பேர். காதில் கேட்டால் நம்முடைய சௌசௌவுக்குத் தங்கை மாதிரி இருக்கும். சலாஸி மலைப்பள்ளம் முழுக்கப் பந்தல் பந்தலாக அதுதான். தளிரைக் கீரையாகச் சமைக்கிறார்கள், கொடியின் நாரில் தொப்பி பின்னுகிறார்கள். என் பூதம் போட்டிருப்பது அந்தத் தொப்பி. படத்தைப் பார்த்த பக்கத்து வீட்டு மல்பார் பாட்டி (தமிழ் வழி வந்தவர்களை இங்கே மல்பார் என்பார்கள்) சிரித்துவிட்டு, தொப்பியின் விளிம்பு தப்பு, பின்னல் இப்படி வராது என்று தன் தொப்பியைக் கொண்டுவந்து காட்டினார். அவருடைய முன்னோர் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாக வந்தவர்கள். தமிழ் பேச்சு வீட்டை விட்டுப் போய்த் தலைமுறைகள் ஆகின்றன, சாமி பேரும் காய்கறிப் பேரும் மட்டும் நாக்கில் இருக்கின்றன. முருங்கைக்கீரையை இங்கே எல்லோரும் 'ப்ரெட் முரூங்' என்றுதான் கேட்டு வாங்குகிறார்கள். முருங்கை இருந்தால் வேதாளம் இருக்க வேண்டுமே! இரண்டாவது படம் அப்படி வந்தது: முருங்கைக் கிளையில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, காயை மென்று சக்கையைக் கீழே துப்பும் வேதாளம். பாட்டிக்கு வேதாளம் கதை தெரியாது. நான் சொன்னேன். மறுநாள் தன் பேரனைக் கூட்டிக்கொண்டு வந்து, "இவனுக்கும் சொல்லு" என்றார்.

விற்பதென்று முடிவானதும் முதல் வேலை பதிவு. பிரான்சின் சட்டம்தான் இங்கேயும். கையால் வரைந்து அசல் படங்களை விற்பவருக்கு 'ஆர்த்தீஸ்த்-ஓத்தர்' என்று தனி நிலை உண்டு. 2023 ஜனவரியிலிருந்து எல்லாத் தொழில் பதிவும் இன்பி என்ற அரசு அமைப்பு நடத்தும் ஒரே இணைய வாசலில்தான். அதில் நான் அவசரத்தில் 'மைக்ரோ' என்ற சிறுதொழில் பெட்டியில் குறி போட்டுவிட்டேன், அதைச் சரிசெய்ய இரண்டு மாதம் ஆனது. அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன்: படம் வரைந்து விற்பது ஒரு கணக்கு, அதே பூதத்தைக் கோப்பையிலும் டிஷர்ட்டிலும் அச்சடித்து விற்பது வியாபாரக் கணக்கு. இரண்டும் வேண்டுமென்றால் இரண்டையும் தனித்தனியாகப் பதிய வேண்டும். நான் கோப்பை, டிஷர்ட் பக்கம் போகவே இல்லை. 'சிரேத்' என்ற பதினான்கு இலக்கத் தொழில் அடையாள எண் வந்த பிறகு, சமூகப் பாதுகாப்புக் கட்டணத்துக்கு, அதை வசூலிக்கும் ஊர்சாஃப் அமைப்பின் லிமூசன் கிளையில் கணக்கு. அது ஐரோப்பாவில், பிரான்சின் பெருநிலத்தில் இருக்கிறது. தீவில் எங்கே இருந்தாலும் ஓவியர்களின் கோப்பு அங்கேதான். நமக்கும் அவர்களுக்கும் கோடையில் இரண்டு மணி, குளிர்காலத்தில் மூன்று மணி நேர வித்தியாசம், ஆகவே காலையில் போன் போட்டுப் பிரயோசனமில்லை. வருமான வரிக்கு எளிய முறையை எடுத்தால் வரவில் 34 விழுக்காட்டைச் செலவென்று அவர்களே கழித்துவிடுகிறார்கள். தாளும் வண்ணமும் வாங்கின ரசீதெல்லாம் கூட்டிப் பார்த்தேன், எனக்கு அது கட்டுப்படியானது.

அம்மாவுக்குப் போனில் சொன்னேன். "ஏன்டி, பூதத்தப் போயி காசு குடுத்து வாங்கி யாரு வூட்ல மாட்டுவாங்க?" என்றாள். திருஷ்டி பொம்மையை யார் மாட்டுகிறார்கள் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "அப்ப கண்ண நல்லா பெருசா போடு" என்றாள். நல்ல யோசனை. அதற்குப் பிறகு எல்லாப் பூதத்துக்கும் முதலில் கண்ணைத்தான் வரைகிறேன்.

தாளைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும், ஏனென்றால் பணம் போனது அங்கேதான். தீவின் கிழக்குப் பக்கம் மழைப் பக்கம். 300 கிராம் பருத்தித் தாளில் ஒரு பூச்சு நீர்வண்ணம் போட்டால் மேற்குக் கரையில் அரை மணியில் காய்வது எங்கள் வீட்டில் மத்தியானம் வரை ஈரமாகவே நிற்கும். காய்ந்ததென்று நினைத்து அடுத்த பூச்சு போட்டால் அடியில் இருப்பது கரைந்து சேறாகிவிடும். கட்டிவைத்த தாளில் மூன்றாம் மாதமே பழுப்புப் புள்ளிகள். அது பூஞ்சை, பல சமயம் வண்ணம் போட்ட பிறகுதான் கண்ணுக்குத் தெரியும். இப்போது தாளை வாங்கியதும் பத்துப் பத்தாகப் பிரித்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு காற்றுப் புகாத பைகளில் வைக்கிறேன். இன்னொன்று 'ஓப்பரா ரோஸ்'. பூதத்தின் நாக்குக்கு அந்த இளஞ்சிவப்பு மாதிரி வேறெதுவும் ஒளிராது. ஆனால் இந்த வெயிலுக்கு அது நிற்காது. ஒரு துண்டுத் தாளில் பூசி, பாதியை அட்டையால் மறைத்து ஜன்னலில் ஒட்டிவைத்தேன். ஆறு வாரம் கழித்து அட்டையை எடுத்தால் மறைந்திருந்த பாதி நாக்கு மாதிரி சிவந்திருந்தது, வெயில் பட்ட பாதி கழுவின தட்டு மாதிரி வெளுத்திருந்தது. அதற்குள் அந்த வண்ணத்தில் நான்கு படங்கள் விற்றிருந்தேன். நான்கு பேரையும் தேடிப்பிடித்து மாற்றிக் கொடுத்தேன். இப்போது குயினாக்ரிடோன் வகை ரோஸ் மட்டும்தான்.

சந்தை என்றால் சேன் போல். கடற்கரை ஓரமாக வெள்ளிக்கிழமையும் சனி காலையும் கூடும் சந்தை. வனிலா, மூலிகை, மடகாஸ்கர் கூடைகளுக்கு நடுவே எனக்கும் ஒன்றரை மேசை இடம். ஆரம்பத்தில் ஏ4 அளவுப் படத்துக்கு 15 யூரோ என்று எழுதிவைத்தேன். மூன்று நாள் வேலைக்கு அது கூலியே ஆகாது. ஒரு மத்தியானம் மரவேலை செய்கிற பக்கத்து மேசைக்காரர் என் விலைச்சீட்டைப் பார்த்துவிட்டு, "நீ இப்படி விற்றால் என் பொருளுக்கும் மதிப்பு போகும்" என்றார். அன்றே 60 ஆக்கினேன். அசலுக்கு 60, எண் போட்டுக் கையெழுத்திட்ட சிறு அச்சுப் பதிப்புக்கு 18. வாங்கினவர்கள் எண்ணிக்கை குறையவில்லை. முன்பு பேரம் பேசினவர்கள்கூட இப்போது நின்று படத்தைப் பார்க்கிறார்கள். குழந்தைகள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "இது என்ன சாப்பிடும்?" ஒவ்வொரு படத்தின் பின்னாலும் அந்தப் பதிலை இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோலிலும் தமிழிலும் கையால் எழுதித் தருகிறேன். சௌசௌ பூதம் பக்கத்து வீட்டு அரிசியைக் கழுவின தண்ணீரைக் குடிக்கும்.

வெளியூர் அனுப்புவதில் முதல் பொட்டலம் ஏழு வாரம் சுற்றிவிட்டு என்னிடமே திரும்பியது. ரீயூனியன் பிரான்சேதான் என்றாலும் வரிக் கணக்கில் வேறு. இங்கே பொருள் நுழைந்தால் 'ஒக்த்ருவா தெ மேர்' என்ற கடல் தீர்வை, இங்கிருந்து பாரிசுக்குப் போனாலும் சுங்கப் படிவம் சிஎன்23. நான் அதில் 'தாள்' என்று மட்டும் எழுதியிருந்தேன். இப்போது "கையால் வரைந்த அசல் நீர்வண்ணப் படம், ஓவியர் கையெழுத்துடன்" என்று முழுசாக எழுதி, 9701 என்ற சுங்க எண்ணும் போட்டு, ரசீது ஒன்றை வெளியே ஒட்டுகிறேன். அச்சுப் பிரதிக்கு எண் 4911. அதன் பிறகு ஒன்றுகூடத் திரும்பவில்லை.

மனசு கஷ்டப்பட்ட விஷயம் வேறு. மலையில் ஒரு விருந்தினர் விடுதி வேதாளம் படத்தை வாங்கியது. நாலு மாதம் கழித்து அவர்களுடைய மெனு அட்டையில், பையில், வேலையாட்களின் சட்டையில் எல்லாம் என் வேதாளம். கேட்டால் "காசு கொடுத்துத்தானே வாங்கினோம்?" என்றார்கள். படத்தை வாங்கினால் தாள்தான் அவர்களுடையது. அதைப் படியெடுக்கும் உரிமை, தனியாக எழுதிக் கொடுக்காதவரை வரைந்தவருடையதுதான். பிரெஞ்சுச் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது: எந்த உரிமை, எதற்காக, எந்த இடத்தில், எத்தனை காலம் என்று ஒவ்வொன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். வக்கீலிடம் போகாமல் நேரில் போய் உட்கார்ந்து பேசினேன். மெனுவுக்கு மட்டும், இந்தத் தீவில் மட்டும், இரண்டு வருடம் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கினேன், பணமும் வாங்கினேன். சட்டைகளை நிறுத்தினார்கள். அன்றிலிருந்து என் எல்லா ரசீதிலும் அடியில் ஒரு வரி இருக்கிறது: படியெடுக்கும் உரிமை இந்த விற்பனையில் சேராது.

2025 பிப்ரவரி 28ஆம் தேதி காரான்ஸ் புயல் தீவின் வடக்கில் கரை ஏறியது. தாழ்வாரத்தை அடைத்துப் போட்டிருந்த என் வேலை அறைக்குள் தண்ணீர் கதவடி வழியாக வரவில்லை, கூரை மூலை வழியாக வந்தது. கீழே இருந்ததை எல்லாம் மேலே ஏற்றி வைத்திருந்தேன். பதினொரு அசல் படங்கள் போயின. மறுநாள் தாள்களைப் பிரித்தபோது பூதங்களின் கண் மட்டும் நின்றது, மற்றதெல்லாம் ஓடிக் கலந்திருந்தது. கண்ணை நீர் கரையாத மசியில் போடுவதால் அப்படி. காப்பீட்டுக்காரர்கள் விற்பனைச் சரக்கு வீட்டுக் காப்பீட்டில் வராது என்றார்கள். ஒப்பந்தத்தைத் திரும்பப் படித்தேன், அப்படித்தான் எழுதியிருந்தது. இப்போது தொழிலுக்குத் தனிக் காப்பீடு எடுத்திருக்கிறேன். ஒவ்வொரு படத்தையும் முடித்த அன்றே 600 டிபிஐயில் ஸ்கேன் எடுத்து, ஒரு பிரதியை அம்மா வீட்டுக் கணினியிலும் போட்டுவைக்கிறேன். கண் மட்டும் மிஞ்சிய அந்தப் பதினொரு தாள்களையும் தூக்கிப் போடவில்லை. அவற்றின் மேலேயே புதிதாகப் பூதங்கள் போட ஆரம்பித்திருக்கிறேன், கண் எங்கே இருக்கிறதோ அங்கிருந்து.

சந்தையில் எல்லோரும் கேட்கிற ஒருத்தி இருக்கிறாள், நான் இன்னும் வரையாதவள். கிரான் மேர் கால். இந்தத் தீவின் பூச்சாண்டி. சொன்ன பேச்சைக் கேட்காத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவாள் என்பார்கள். "கிரான் மேர் கால், மணி என்ன?" என்று கேட்டு ஓடும் விளையாட்டே உண்டு. நள்ளிரவு என்றதும் துரத்துவாள். வேடிக்கையாக வரைந்தால் உடனே விற்கும், தெரியும். ஆனால் பாட்டியிடம் கேட்டபோது அவர் சிரிக்கவில்லை. ஒரு கதையில் அவள் அடிமைகளைக் கொடுமைப்படுத்தின எஜமானி, எரிமலை நெருப்பில் வேகிறவள். இன்னொரு கதையில் தப்பி ஓடின அடிமைப் பெண். இந்தத் தீவில் அடிமை முறை ஒழிந்தது 1848 டிசம்பர் 20ஆம் தேதி. அதற்குப் பிறகு தோட்டங்களுக்கு இன்னும் அதிகமாகக் கொண்டுவரப்பட்டவர்கள்தான் பாட்டியின் முன்னோர். இந்த முகத்தைப் பஞ்சுப் பொம்மையாக்க எனக்கு உரிமை இல்லையென்று தோன்றுகிறது. பயமும் இருக்க வேண்டும், குழந்தை இரவில் கண்ணை மூடித் தூங்கவும் வேண்டும். இதுவரை ஒன்பது பென்சில் வரைவு போட்டுவிட்டேன். ஏழாவதைப் பார்த்துப் பாட்டி, "கை சரி. முகம் இன்னும் வரல்லை" என்றார்.

சேன்ட் ஆந்த்ரே தீபாவளி விழாவில் கடை போட எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதற்குள் முகம் வந்துவிட்டால் அவளும் மேசையில் இருப்பாள். தாளை மட்டும் இப்போதே சொல்லி வைத்தாகிவிட்டது, கப்பலில் வந்து சேர வேண்டுமே.