பேய்ப் படத்தில் கண்டினியூட்டி பார்ப்பது

குடும்பக் கதையில் ஒரு ஷாட்டுக்கும் அடுத்த ஷாட்டுக்கும் இடையே காபி டம்ளர் இடம் மாறியிருந்தால் பெரும்பாலோர் கவனிப்பதில்லை; அவர்கள் கண் நடிகரின் முகத்தில் இருக்கும். பேய்ப் படத்தில் அப்படியில்லை. எது எங்கிருந்து வரும் என்று தெரியாததால் பார்வையாளர்கள் ஃபிரேமின் மூலைமுடுக்கெல்லாம் துழாவிக்கொண்டே இருக்கிறார்கள். பாதி திறந்த கதவு, சுவரில் சற்றே சாய்ந்த படம் என எதைக் கண்டாலும் அது பேயின் வேலை என்றே நினைக்கிறார்கள். 1951-இல் ஒரு ஜமீன் வீட்டில் நடப்பதாக எழுதப்பட்ட படத்தில் கண்டினியூட்டி பார்க்கும், அதாவது ஷாட்டுக்கு ஷாட் எல்லாம் பிசகாமல் ஒத்துப்போகிறதா என்று கவனிக்கும், உதவி இயக்குநராக வேலை செய்தபோதுதான் இதன் கனம் எனக்கு முழுமையாக விளங்கியது. இடம் மாறிய பொருளைப் பார்வையாளர்கள் படக்குழுவின் கவனக்குறைவாக எடுத்துக்கொள்வதில்லை, கதை தரும் துப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். கடைசிவரை அதற்கு விடை கிடைக்காவிட்டால் கதையின்மீதே நம்பிக்கை போய்விடுகிறது.

அந்தப் படத்தில் எங்களை மிகவும் வேலை வாங்கியது மெழுகுவர்த்திதான். கதாநாயகி கடிதம் படிக்கும் காட்சி திரையில் சில நிமிடங்களே ஓடும். படப்பிடிப்பிலோ முழுக் காட்சியையும் பிடிக்கும் மாஸ்டர் ஷாட், க்ளோசப், கடிதத்தை மட்டும் காட்டும் இன்சர்ட் என்று இரவு முழுவதும் நீளும், அதுவும் கதை வரிசையில் அல்ல. ஆகவே ஒரே தடிமனுள்ள வர்த்திகளை வாங்கி, வெவ்வேறு உயரத்துக்கு முன்கூட்டியே எரித்து, ஒவ்வொன்றின் அடியிலும் எண் ஒட்டி, எந்த வசனத்துக்கு எந்த எண் என்று கண்டினியூட்டி ஷீட்டில் குறித்துக்கொண்டோம். உயரம் மட்டும் ஒத்துப்போனால் போதாது. மெழுகு வழிந்த பக்கம், திரியின் வளைவு, தட்டில் உறைந்த மெழுகின் வடிவம் எல்லாவற்றையும் டேக் முடிந்ததும் செல்பேசியில் படமெடுத்து வைத்தோம். அவள் திரும்பிப் பார்க்கும் ஒரே ஒரு ஷாட்டில் மட்டும் வர்த்தி இன்னும் ஏற்றவே படாததுபோல முழு உயரத்தில் நிற்கவேண்டும் என்பது இயக்குநரின் திட்டம். மற்ற ஷாட்களிலெல்லாம் அது பிசகாமல் குறைந்து வந்திருந்தால்தான் அந்த ஒன்று வயிற்றைக் கலக்கும்.

1951-இல் இருந்திராத பொருள் காட்சியில் நுழைந்துவிடும் காலப்பிழைகளையும் நாங்கள் பார்க்க வேண்டியிருந்தது. அவற்றில் சில எளிதில் பிடிபடுபவை. நயா பைசா 1957 ஏப்ரலில்தான் வந்தது, ஆகவே கணக்கப்பிள்ளையின் கையில் அணாதான் இருக்க வேண்டும். ஆனால் 1950-இல் வந்த சிங்க முத்திரை நாணயங்களை மட்டும் கொடுத்தால் அதுவும் பொய்யாகத் தெரியும். ஜார்ஜ் மன்னரின் தலை பொறித்தவையும் கலந்தே அப்போது புழங்கின. எந்த வீடும் ஒரே ஆண்டின் பொருள்களால் நிரம்பியிருப்பதில்லை.

எழுத்துதான் எல்லாவற்றிலும் நுட்பமானது. கணினியில் அச்சிட்ட ஜமீன் அலுவலகப் பலகை செட்டுக்கு வந்தபோது அதில் ‘லை’, ‘னை’ எல்லாம் இன்றைய வடிவில் இருந்தன. அவை 1978-இல் தமிழக அரசின் ஆணையால் பொதுப் புழக்கத்துக்கு வந்தவை. அதற்கு முன் அந்த எழுத்துகளுக்கு யானைத் தும்பிக்கைபோல் மேலே சுழிக்கும் கொம்பு உண்டு. அந்த வடிவம் அறிந்த ஓவியர் ஒருவரைக் கொண்டு பலகையைக் கையாலேயே எழுதவைத்தோம். அதே படத்தில் பள்ளி ஆசிரியர் வைத்திருக்கும் சுயமரியாதை இயக்கத் துண்டறிக்கையில் மட்டும் புதிய வடிவத்தையே விட்டுவைத்தோம், ஏனெனில் பெரியாரின் ‘குடி அரசு’ 1935-லேயே அந்தச் சீர்திருத்தத்தைக் கையாளத் தொடங்கிவிட்டது. ஒரே ஊரில் இரண்டு எழுத்து முறைகள் இருந்தன என்பதைத் திரையில் காட்ட முடிந்தது எனக்கு மிகுந்த நிறைவைத் தந்தது.

நிலவுக்காகவும் ஒரு விவாதம் நடந்தது. வசனம் அமாவாசை என்றது. ஒளிப்பதிவாளருக்கோ ஜன்னல் வழியே நீல வெளிச்சம் விழவேண்டும். அந்த வெளிச்சம் இல்லாமல் தாழ்வாரத்தின் ஆழம் தெரியாது என்ற அவருடைய வாதம் சரியானது. இறுதியில் திதியை மாற்றினோம். தேய்பிறை அஷ்டமியில் நிலா நள்ளிரவை ஒட்டி எழுவதால் இரண்டு மணிக் காட்சிக்கு வெளிச்சம் பொருந்தியது. அது பைரவருக்கு உரிய நாள் என்பதால் கதைக்கும் பொருந்தியது. வசனத்தில் திதியின் பெயரைத் திருத்தி, சுவரில் தொங்கிய நாட்காட்டியில் அதற்குரிய தேதித் தாளை வைத்துவிட்டுப் படப்பிடிப்பைத் தொடர்ந்தோம்.